குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும் சத்தான வாஃபிள்: முதன்முறை செய்பவர்களுக்கு

சத்தான பொருள்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துச் செய்த வாஃபிளைக் குழந்தை தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் சுவை அன்று. பதமே காரணமாக இருக்கும். என் மகளுக்கு நான் முதன்முதலில் செய்து கொடுத்தபோது மைதாவை முழுவதுமாக விலக்கினேன், எண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன், சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு வாழைப்பழங்களைப் பிசைந்து சேர்த்தேன், போதாததற்கு ஒரு கைப்பிடி பசலைக்கீரையையும் அரைத்து ஊற்றினேன். அவள் ஒரு துண்டை நுனியில் பிடித்துத் தூக்கினாள். அது நனைந்த துணி போலத் தொங்கியது. "இது வளையுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள். அதே கீரையும் அதே வாழைப்பழமும் சேர்ந்த வாஃபிளை இன்று அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். இடைப்பட்ட காலத்தில் நான் கற்றுக்கொண்டது, முதலில் மொறுமொறுப்பான வாஃபிளைச் செய்யப் பழக வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

கருவியும் அதன் வேலையும்

வாஃபிள் மேக்கர் என்பது, கட்டம் கட்டமாகப் பள்ளங்கள் வார்க்கப்பட்ட இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே மாவை வைத்து, இரு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வேகவைக்கும் கருவி. அந்தக் கட்டங்கள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. அவற்றால் மாவின் பரப்பு பெருகுகிறது. பரப்பு பெருகினால் சூடான உலோகத்தைத் தொட்டுப் பொன்னிறமாகும் பகுதியும் பெருகுகிறது. தட்டின் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது, ஈரம் வற்றிய மேற்புறம் சிவந்து மொறுமொறுப்பாகிறது, உட்புறம் பஞ்சு போல் எழும்பி நிற்கிறது. நீர் சரியாக வெளியேறாத வாஃபிள் எதுவாக இருந்தாலும் வளையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் குறிப்புகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

கடைகளில் ஆழமான பள்ளங்கள் கொண்ட பெல்ஜிய வகையும், ஆழமில்லாத பள்ளங்கள் கொண்ட மெல்லிய வகையும் கிடைக்கும். குழந்தைகளுக்காக வாங்குவதானால் மெல்லிய வகையையே நான் பரிந்துரைப்பேன். முழுக்கோதுமை, ஓட்ஸ் போன்ற கனமான மாவுகள் அதில் உள்வரை நன்றாக வேகும். சிறிய கைகளுக்குப் பிடிக்கவும் எளிது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. கருவி சூடாகிவிட்டதைக் காட்டும் விளக்கு அவசியம் இருக்க வேண்டும். அடுப்பின் மேல் வைக்கும் வார்ப்பிரும்பு அச்சிலும் செய்யலாம்; ஆனால் அதை நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மின்சாரக் கருவியே வசதி.

முதல் தடவைக்கான அளவு

கீழே உள்ள அளவில் நடுத்தர அளவிலான 6 அல்லது 7 வாஃபிள்கள் வரும். முழுக்கோதுமை மாவு 100 கிராம், மைதா 100 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, விருப்பமிருந்தால் பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவை உலர்ந்த பொருள்கள். முட்டை 2, பால் 250 மில்லிலிட்டர், வாசனை தூக்கலாக இல்லாத சமையல் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, நன்றாகப் பழுத்த நடுத்தர வாழைப்பழம் ஒன்று ஆகியவை ஈரமான பொருள்கள். சர்க்கரை தேவையில்லை. வாழைப்பழத்தின் தோலில் பழுப்புப் புள்ளிகள் நிறைய விழுந்திருக்க வேண்டும். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், அந்த நிலையில் ஒரே பழத்தின் இனிப்பு போதுமானது. இனிப்பு போதவில்லையோ என்று இரண்டாவது பழத்தைச் சேர்த்துவிடாதீர்கள். பழத்தின் பெரும்பகுதி நீர் என்பதால், நான் செய்ததுபோல் வளையும் வாஃபிள்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தான வாஃபிள் என்றதும் பலரும் முதலில் குறைப்பது இதைத்தான். ஆனால் வாஃபிளில் எண்ணெய்க்கு இரண்டு வேலைகள் உண்டு: மேற்புறத்தை மொறுமொறுப்பாக்குவது ஒன்று, மாவு தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது மற்றொன்று. மூன்று மேசைக்கரண்டியை ஆறு வாஃபிளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு அரை மேசைக்கரண்டிதான் வருகிறது. வளரும் குழந்தைக்கு அது மிகுதியன்று. வெண்ணெயை உருக்கிச் சேர்த்தால் மணம் கூடும். ஆனால் வெண்ணெயிலேயே ஓரளவு நீர் இருப்பதால் எண்ணெய் தரும் மொறுமொறுப்பு அதில் சற்றுக் குறையும்.

கலக்கும் முறை

உலர்ந்த பொருள்களை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டுக் கையடிப்பானால் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் ஒரே இடத்தில் கட்டியாக நின்றுவிட்டால் அந்த இடத்தில் கசக்கும் என்பதால், இதை அவசரப்படாமல் செய்யுங்கள். மற்றொரு பாத்திரத்தில் வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்து, முட்டைகளை உடைத்து ஊற்றி அடித்து, பாலையும் எண்ணெயையும் சேர்த்துக் கலக்குங்கள். பாலும் முட்டையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தவையாக இல்லாமல், சிறிது நேரம் வெளியே இருந்தவையாக இருந்தால் மாவு சீராக வேகும்.

இனி ஈரக் கலவையை உலர்ந்த மாவின் நடுவில் ஊற்றி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அந்தக் கணமே கரண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். சூட்டில் அவை தாமாகக் கரைந்துவிடும். கட்டியே இல்லாமல் வழுவழுப்பாகும்வரை அடித்தால், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுபட்டு வலைபோலப் பின்னிக்கொண்டு, வாஃபிளை ரப்பர் போல் ஆக்கிவிடும். மின்சார மிக்சரை இந்த இடத்தில் தொடவே வேண்டாம்.

கலந்த மாவைப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். முழுக்கோதுமையின் தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். இந்த ஓய்வைக் கொடுக்காவிட்டால் வெந்த பிறகும் வாயில் மணல் போல் நெருடும். பத்து நிமிடம் கழித்துக் கரண்டியால் எடுத்துச் சாய்த்தால், மாவு தண்ணீராக ஓடாமலும், உருண்டையாக விழாமலும், பட்டையாக வழிய வேண்டும். மிகக் கெட்டியாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் சேர்த்து இரண்டு புரட்டுப் புரட்டுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் பேக்கிங் பவுடரின் வீரியம் குறையத் தொடங்கும். ஈரம் பட்டதும் ஒருமுறையும் சூடு பட்டதும் மறுமுறையும் அது வாயுவை வெளிவிடுவதால், முதல் தவணை வாயு வீணாகும் முன் மாவைத் தட்டில் ஊற்றிவிட வேண்டும்.

இன்னும் மொறுமொறுப்பாக வேண்டுமானால், முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் ஈரக் கலவையில் சேர்த்துவிட்டு, வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெல்லப் புரட்டிச் சேர்க்கலாம். ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கும். ஓட்ஸ் அதிகம் சேர்க்கும் நாள்களில் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

பச்சை மாவைக் குழந்தைகள் விரலால் தொட்டு நக்க விடாதீர்கள். வேகாத முட்டையில் மட்டுமல்லாமல் வேகாத கோதுமை மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும்.

தட்டில் ஊற்றுவதும் திறப்பதும்

மாவு ஓய்வெடுக்கும்போதே கருவியைச் சூடாக்கத் தொடங்கிவிடுங்கள். விளக்கு அணைந்த பிறகும் இரண்டு நிமிடம் பொறுத்திருப்பது நல்லது. விளக்கு ஓரிடத்தின் சூட்டை வைத்தே அணைகிறது, தட்டு முழுவதும் சமமாகச் சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். சிலிகான் தூரிகையால் இரு தட்டுகளிலும் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். இதற்கு வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்பொருள் கருகித் தட்டில் படியும். புட்டியிலிருந்து பீய்ச்சும் எண்ணெய்த் தெளிப்பான்களும் நான்ஸ்டிக் பூச்சின் மேல் நாளடைவில் பிசுபிசுப்பான படலத்தை உண்டாக்குகின்றன.

மாவை நடுவில் ஊற்றி, ஓரத்துக்கு இரண்டு விரற்கடை இடம் விட்டு நிறுத்துங்கள். மூடியதும் அது தானாகப் பரவும். மூடிய சில நொடிகளில் இடுக்குகளிலிருந்து நீராவி வேகமாகப் பீறிடும். இனி உங்கள் கண் கடிகாரத்தின் மேல் இருக்க வேண்டாம், ஆவியின் மேல் இருக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் அது அடர்ந்து வரும், உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். பிறகு ஆவி மெலியும், சத்தம் அடங்கும், மாவு வாசனை போய் வறுத்த வாசனை வரும். ஆவி ஏறக்குறைய நின்றுவிட்டதென்றால் நீர் வெளியேறிவிட்டது என்று பொருள். பெரும்பாலான கருவிகளில் இதற்கு 4 முதல் 6 நிமிடம் ஆகும். அதற்கு முன் ஆவலில் மூடியைத் தூக்கினால், மேல்பாதி மேல்தட்டிலும் கீழ்ப்பாதி கீழ்த்தட்டிலும் ஒட்டிக்கொண்டு வாஃபிள் இரண்டாகக் கிழியும். மூடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வர மறுத்தால் இழுக்காமல் மூடிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். வெந்த வாஃபிள் தானாகவே விட்டுக்கொடுக்கும்.

முதல் வாஃபிள் நிறம் குறைந்தோ ஒட்டிக்கொண்டோ வந்தால் மனம் தளர வேண்டாம். அதை வைத்தே அடுத்ததற்கான சூட்டையும் நேரத்தையும் சரிசெய்யலாம். முழுக்கோதுமை மாவு இயல்பிலேயே பழுப்பாக இருப்பதால், வெளிர் பொன்னிறத்தை வெந்ததன் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். சற்று ஆழ்ந்த பழுப்பே சரியான நிறம்.

எடுத்ததும் வாஃபிளைக் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். இந்தச் சிறிய விஷயத்தைத் தவறவிட்டு, அருமையாக வெந்த வாஃபிளையும் கெடுத்துவிடுகிறோம். சமதளத் தட்டில் வைத்தாலோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, வெளியேறும் ஆவி அடியில் சிக்கி, மொறுமொறுப்பை ஐந்தே நிமிடத்தில் அழித்துவிடும். எல்லோரும் சேர்ந்து உட்காரும்வரை சூடாக வைத்திருக்க வேண்டுமானால், 95 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்த ஓவனுக்குள் கம்பித் தட்டோடு அப்படியே வைத்துவிடலாம்.

ஒவ்வொன்றாக மாற்றுவது

முதல் அளவு கைக்குப் பழகி, குழந்தையும் விரும்பிச் சாப்பிடத் தொடங்கிய பிறகே மாற்றங்களுக்கு வாருங்கள். முதல் மாற்றமாக மைதாவை 50 கிராமாகக் குறைத்து, கோதுமை மாவை 150 கிராமாக உயர்த்துங்கள். பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். அடுத்த முறை மீதியுள்ள மைதாவுக்குப் பதிலாக ஓட்ஸைப் பொடித்துச் சேருங்கள். ஓட்ஸில் உள்ள கரையும் நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்குவதால் பசி சற்றுத் தாங்கும். ஆனால் ஓட்ஸில் குளூட்டன் இல்லை; மொத்த மாவில் கால் பங்கைத் தாண்டினால் வாஃபிள் பொலபொலவென்று உதிரத் தொடங்கும். இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று தடவையாவது இடைவெளி விடுங்கள். குழந்தை ஒரு புதிய சுவையை ஏற்றுக்கொள்ளப் பல தடவை அதைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை மறுத்ததை வைத்து "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டுவது அவளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

காய்கறிகளில் கேரட்டே எளியது. மெல்லியதாகத் துருவிப் பிழிந்த 50 கிராம் கேரட் மாவில் கலந்தால் கண்ணுக்கு அழகாகவும் நாக்குக்கு இனிப்பாகவும் இருக்கும். வேகவைத்து மசித்த பூசணியை வாழைப்பழத்துக்குப் பதிலாக அதே அளவில் சேர்க்கலாம். பசலைக்கீரையானால் 30 கிராம் இலையைப் பாலோடு சேர்த்து நன்றாக அரைத்துவிடுங்கள். திட்டுத்திட்டான பச்சையைவிடச் சீரான பச்சையையே குழந்தைகள் துணிந்து கையில் எடுக்கிறார்கள். பீட்ரூட்டின் சிவப்பு பேக்கிங் பவுடரும் சூடும் சேர்ந்தால் பழுப்பாக மங்கிவிடும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அந்த நிறத்தை ஓரளவு காக்கும். பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகைகளுக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதையைப் பொடித்துச் சேர்ப்பவர்கள், ஆறிய வாஃபிள் உள்ளே பச்சையாக மாறியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். விதையிலுள்ள ஒரு சேர்மம் காரத்தன்மையோடு சேர்ந்து தரும் நிறம்தான் அது, கெட்டுப்போனதன் அறிகுறியன்று.

காய்கறியைக் குழந்தைக்குத் தெரியாமல் மறைத்து ஊட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கீரையை என் மகளே பாலில் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்திருக்க, நான் அரைக்கும் பொத்தானை அழுத்துவேன். தன் கையால் பச்சையாக்கிய வாஃபிளை அவள் ஒருமுறையும் மறுத்ததில்லை. சூடான கருவியின் பக்கம் மட்டும் குழந்தைகளை விடாதீர்கள். வெளிப்புற மூடியும் கையைச் சுடும், தொங்கும் மின்கம்பியை இழுத்தால் கருவியே மேலே விழும்.

இனிப்பு எங்கே சேருகிறது

மாவில் சர்க்கரையே சேர்க்காமல் செய்துவிட்டு, மேலே பாகை ஊற்றினால் அத்தனை உழைப்பும் வீண். ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் பாகில் ஏறக்குறைய 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சேர்க்கவே வேண்டாம் என்பது அதன் கருத்து. தேன் இயற்கையானது, அதனால் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் பலர். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் பாகையும் பழச்சாற்றையும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தை அப்படிச் சேர்ப்பதில்லை.

ஆகவே மேலே வைப்பதற்கு முழுப் பழத்தையே நாடுங்கள். ஸ்ட்ராபெரியையோ ஆப்பிளையோ பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீருடன் சிறு தீயில் ஐந்து நிமிடம் குழைய வேகவைத்தால், சர்க்கரை இல்லாமலே பாகு போன்ற ஒன்று கிடைத்துவிடும். புளிப்பில்லாத கெட்டித் தயிரில் மசித்த மாம்பழத்தையோ வாழைப்பழத்தையோ கலந்தும் கொடுக்கலாம். எதுவானாலும் வாஃபிளின் மேல் ஊற்றாமல் சிறு கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள், வாஃபிளை விரல் அகலத்தில் நீளமாக வெட்டிக் கொடுங்கள். தொட்டுத் தொட்டுச் சாப்பிடும்போது கடைசித் துண்டுவரை மொறுமொறுப்பு குறையாது. எவ்வளவு தொடுவது என்பதைத் தானே முடிவு செய்யும் மகிழ்ச்சியும் குழந்தைக்குக் கிடைக்கிறது.

வயதும் ஒவ்வாமையும்

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் பாட்டுலிசம் என்ற கடுமையான நோயை உண்டாக்கலாம். அந்த வயதினருக்கான மாவில் உப்பையும் விட்டுவிடுங்கள். ஐந்து வயதுவரை முழுப் பருப்புகளைத் தவிர்த்து, பொடித்தோ விழுதாக அரைத்து மெல்லியதாகத் தடவியோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியே வையுங்கள்.

முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, ஒவ்வொரு முட்டைக்கும் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். இந்த வாஃபிளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதல் வேக்காடு தேவைப்படும். முட்டையின்றியும் மாவை எழும்ப வைக்கும் பேக்கிங் பவுடரை 1843-ல் உருவாக்கிய ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகவே அந்த முயற்சியில் இறங்கினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வேன். பாலுக்குப் பதிலாகச் சோயா பால் நன்றாகவே பொருந்தும். கோதுமை ஆகாதவர்களுக்கு இந்த அளவு உதவாது. அதற்கு வேறு மாவுகளும் வேறு அளவுகளும் வேண்டும்.

மீந்ததைப் பாதுகாப்பது

எப்போதும் இருமடங்கு மாவு கலந்து, மீதியை உறைய வைப்பதே என் பழக்கம். வாஃபிள்களைக் கம்பித் தட்டில் முழுவதுமாக ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பி ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, கல் போலானதும் காற்றுப்புகாப் பையில் போட்டு மூடுங்கள். இரண்டு மாதம்வரை சுவை மாறாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லதன்று. அந்தக் குளிரில் மாவுச்சத்து விரைவாக இறுகி, வாஃபிள் வறண்டுவிடும்.

கருவியைச் சூடு சற்றுத் தணிந்ததும், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். பள்ளங்களில் ஒட்டிய மாவை மரக்குச்சியால் எடுங்கள். உலோகம் பட்டால் பூச்சு கீறிவிடும். தட்டுகள் கழற்ற முடியாதவையானால் கருவியை ஒருபோதும் தண்ணீரில் முக்காதீர்கள்.

உறைந்த வாஃபிளைச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், அது மறுபடியும் வளையச் செய்துவிடும். பையிலிருந்து எடுத்தபடியே, உருக விடாமல், டோஸ்டரில் நடுத்தரச் சூட்டில் ஒருமுறை ஓட்டி எடுங்கள். நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நேராக நின்றால் தட்டில் வைத்துவிடலாம், வளைந்தால் இன்னும் ஒரு நிமிடம் உள்ளே இருக்கட்டும்.